எந்தத் தண்ணிக்கு எந்தப் பொய்

பொதி கூடிப்போச்சென்று
நோர்வே அத்தான் விட்டுப்போன சாமான்:
நாலு துண்டாய்க் கழரும் தடி,
தடித்த பச்சை நூல் சுற்றிய சில்லு,
தகரப் பெட்டிக்குள் முப்பத்தாறு பூச்சி.
ஒவ்வொன்றின் கீழும் ஏதோ பேர்.
எனக்கு விளங்கினது இலக்கம் மட்டும்.
ஆறு, பன்னிரண்டு, பதினாறு.
இலக்கம் ஏற ஏற முள் சிறுக்கும்;
இதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாரி போனது.

ஈயம் கிடையாது.
நூலின் பாரத்தையே எறியவேண்டும்.
வவுனிக்குளத்து அலைகரையில் நின்று
என் காதையே இரண்டு தரம் கொழுவினேன்.
பிறகு முப்பத்தாறையும் வரிசையாய் எறிந்தேன்.
கோயில் வாகனம் மாதிரி
சிவப்பும் மஞ்சளும் பொன்னுமாய் ஒன்று.
அதை ஒரு நீர்க்காகம்
திரும்பிப் பார்த்தது.
மற்றபடி ஒன்றுமில்லை.

குளிர்நாட்டு மீனுக்குச் சொன்ன பொய்
இந்தத் தண்ணியில் எடுபடவில்லை.

மல்லாவிச் சந்தியில்
போன் திருத்துகிற கடை என்னுடையது.
பூதக்கண்ணாடி விளக்கு இருக்கிறது,
வளைந்த மூக்கு இடுக்கி இருக்கிறது,
செத்த இயர்போனுக்குள்
தலைமயிரிலும் மெல்லிய செப்புக் கம்பி இருக்கிறது.
தவரூபி ரீச்சரின் போன்
நெஞ்சு திறந்தபடி ஒரு பக்கம் கிடக்க
நான் கட்டத் தொடங்கினேன்.

திலாப்பியாவுக்குப் பாசிதான் சோறு.
பச்சைக் கம்பளி நூல், ஒரு நெல்லின் நீளம்,
செப்புக் கம்பி மூன்று சுற்று.
துருசடியில் தாழவிட்டு
சும்மா இருக்கவேண்டும்.
நூல் நுனி மூச்சு விட்டதுபோல் அசைந்தால்
அதுதான்.

வான் பாய்கிற மார்கழியில்
தண்ணி தேத்தண்ணி நிறம்.
அப்போது கறுப்புக் கட்டு,
சேவலின் கழுத்திறகு, தடிப்பாக.
கலங்கலில் கறுப்புத்தான் தெரியும்.
ஏனென்று மீனிடம் கேள்.

கொடுவாய்க்கு நாயாறு.
ஒரு சனிக்கிழமை, மோட்டார் சைக்கிளில்
தடி முதுகில் குத்தக் குத்தப் போனேன்.
வலை பொத்திக்கொண்டிருந்த மரியநேசன்
என் வீச்சைக் கனநேரம் பார்த்துவிட்டு,
"தம்பி, மீன் பிடிக்கிறியோ, ஈ கலைக்கிறியோ?"
வெள்ளாட்டு மயிர், சிகரெட் பெட்டித் தாளின் மினுக்கம்:
பொழுதுபட, கண்டல் வேரடியில்
ஒரு பெரிய வாய் அதை நம்பியது.
அரை நிமிடம்.
கொடுவாயின் செவுள் மூடி சவர அலகு.
வெறும் நூல் திரும்பி வந்தது.
மரியநேசன் சிரிக்கவில்லை,
அதுதான் கூட வெட்கம்.
"கடைசி முழத்துக்கு
நாப்பது றாத்தல் தங்கூசி போடு" என்றார்.
போட்டேன்.
உப்புத் தண்ணிக்குத் துருப்பிடியாத முள்
என்பதையும் அன்றுதான் படித்தேன்,
பெட்டி முழுக்கச் சிவந்த பிறகு.

விராலுக்குத் தவளை.
அறுந்த பாட்டாச் செருப்பில் உடம்பு வெட்டி,
ஆட்டு மயிரில் காலிரண்டு,
தாமரை இலையில் கொழுவாதபடி
முள்நுனி மேல்நோக்கி.
நான் கட்டியதில் இதுவே வடிவு.

தை மாதம், விடிய ஆறரை.
அல்லிக்கு நடுவில்
செங்கல் தூள் கரைந்ததுபோல் ஒரு வட்டம்
கொதித்துக் கொதித்து நகர்ந்தது.
விரால் குஞ்சுகள்.
அடியில் ஆள் நிற்கும், தாயோ தகப்பனோ.
எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் எறிந்தேன்.

பசியில் வந்த வாய் இல்லை அது.
இத்தனை நாள் கட்டிய பொய்யெல்லாம்
பசிக்குச் சொன்னவை.
இதை அந்த மீன் நம்பவேயில்லை,
அடித்தது.

கரையில் முள்ளைக் கழற்ற
இடுக்கி பிடித்த கை நடுங்கியது,
ஐம்பது ரூபாய் அகலச் சில்லுக்குள்
பற்றவைக்கிற கை.
தண்ணியில் விட்டேன். போனது.
சிவப்பு வட்டம் கலைந்துவிட்டது.
ஒரு வெள்ளைக் கொக்கு கிட்ட வந்து நின்றது.
அதைக் கல்லெறிந்து கலைத்தேன், பிறகும் கலைத்தேன்.
வெயில் ஏறிய பிறகு
அல்லிக்கு அப்பால் ஒரு செம்மை.
அதே கூட்டமோ, வேறோ.
முந்தியதில் பாதி இருக்கும்.

போன் அடித்தது. தவரூபி ரீச்சர்.
"தம்பி, டிஸ்பிளே போட்டாச்சோ?"
வவுனியாவிலிருந்து
அது இன்னும் பஸ் ஏறவேயில்லை.
"ஓம் ரீச்சர்," என்றேன்,
"பின்னேரம் வாங்கோ."